பால்மரப் பட்டையில் இணைகோடுகள்

தான் சாய் யான் என்பவர் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். சில ஆண்டுகளில் அவருடைய நடவு ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் ஆசாஹானுக்கும் பரவியது. இத்தகைய தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர்கள் ஒரு வடிவியல் தேற்றத்தை நாள்தோறும் கத்திமுனையில் செய்துகாட்டினார்கள். பள்ளிக் கணக்கு அதைக் கண்டுகொள்ளாதது பெரிய இழப்பு.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி 1890களில் வகுத்த மீன்முள் முறையில், மரத்தில் செங்குத்தாக ஒரு வாய்க்கால் இறங்கும். சாய்ந்த வெட்டுகள் அதில் வந்து சேரும். வாய்க்காலே குறுக்குவெட்டி. ஒரே பக்கத்து வெட்டுகள் எல்லாம் அதனோடு ஒரே கோணம் கொண்டால் ஒத்த கோணங்கள் சமம். ஆகவே அவை இணைகோடுகள்.

பின்னாளில் நிலைத்தது மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு வெட்டும் முறை. ஒட்டுமரத்தில் வெட்டு கிடைமட்டத்துக்கு 30° சாய்வில், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்திருக்கும். வாய்க்காலோடு அது 60° கோணம் கொள்ளும். வெட்டுக்கு வழிகாட்டக் கீறும் கோடுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே ஒரே பக்கத்து உள்கோணங்கள் 60°, 120°, கூட்டினால் 180°. இந்தச் சாய்வைத் தகட்டு அச்சு வைத்துப் பட்டையில் கீறிவிடுவார்கள். சாய்வு குறைந்தால் பால் கோட்டைத் தாண்டி வழியும். கூடினால் பட்டை வீணாகும். சாய்வு குறைந்த பிழைக்கான தண்டனை அன்றைக்கே பால் பிடிக்கும் மங்கில் தெரிந்துவிடும்.

மரம் உருண்டையானது, அங்கே நேர்கோடு ஏது என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஒட்டுமரத்தின் தண்டு ஏறக்குறைய உருளை. அதைச் சுற்றி ஒரு தாளை ஒட்டிப் பிறகு விரித்தால், சுருள்வெட்டு நேர்கோடாகும். கோணம் சற்றும் மாறாது. தேற்றம் தாளில் அப்படியே செல்லும்.

தேர்வுத்தாள் வழக்கமாகக் கோடுகள் இணை என்று சொல்லிவிட்டுக் கோணத்தைக் கேட்கிறது. மரம் சீவுபவரோ கோணத்திலிருந்து இணைக்குப் போகிறார். இவை இரண்டும் ஒன்றல்ல. யூக்ளிடின் முதல் நூலில் 27, 28ஆம் கூற்றுகள் சமகோணத்திலிருந்து இணைகோட்டை நிறுவுகின்றன. அதற்கு ஐந்தாம் எடுகோள் வேண்டியதில்லை. மறுதலையான 29ஆம் கூற்றில்தான் அந்த எடுகோள் முதன்முறையாகத் தேவைப்படுகிறது. தருக்கத்தில் எளியது தோட்டத்து வழி. வகுப்பறையிலும் அதுவே முதலில் வரவேண்டும்.

ரப்பர் இருந்த இடங்களில் இன்று செம்பனை பரவலாக நிற்கிறது. வழக்கமான 9 மீட்டர் முக்கோண நடவில் யாரும் கோணமானி பிடிப்பதில்லை. மூன்று பக்கமும் சமமாக அளந்தாலே ஒவ்வொரு கோணமும் 60° ஆகிவிடும். ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாகி, சுமார் 7.8 மீட்டர் இடைவெளியில் நிரைகள் இணையாக ஓடும். ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 143 மரம். செங்குத்தான சரிவில் மட்டும் இந்தக் கணக்கைக் கைவிட்டு, சமஉயரக் கோட்டில் படிமேடை வெட்டி நடுகிறார்கள். உருளையைத் தாளாக விரிக்கலாம். மேடும் பள்ளமுமான குன்றை அப்படி விரிக்க முடியாது. கோடுகள் ஒரே தளத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை மாணவருக்கு விளக்க இந்தச் சரிவே போதும்.