எலியின் அலகும் குதிரையின் நரம்பும்: வைட்டமின் ஈ குறைபாட்டில் எதை அளப்பது?

பச்சைப் புல் காணாமல் லாயத்திலேயே காலம் கழிக்கும் குதிரைக்கு வைட்டமின் ஈ குறையும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. குறைந்தால் ஈடுசெய்ய வேண்டும் என்பதிலும் இல்லை. எந்த வடிவில் கொடுப்பது, கொடுத்தது உடலில் சேர்ந்ததா என்று எப்படி அறிவது என்னும் இரு கேள்விகளில்தான் நடைமுறை தடுமாறுகிறது. பெரும்பாலான லாயங்களில் இவ்விரண்டுக்கும் ஒரே விடைதான்: புட்டியின் மேல் அச்சிட்டுள்ள பன்னாட்டு அலகு. அந்த எண் மருத்துவ அளவுகோலாகப் போதாது என்பதும், குதிரையின் குருதியில் முன்னும் பின்னும் அளந்த மதிப்பே சிகிச்சையை வழிநடத்த வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

குறைபாட்டின் தோற்றம்

குதிரையால் வைட்டமின் ஈயைத் தன் உடலில் உருவாக்க இயலாது. அதன் இயல்பான ஊற்று பசும்புல். புல்லை அறுத்து உலர்த்தும்போது அதிலுள்ள வைட்டமினில் 30 முதல் 80 விழுக்காடு வரை அழிகிறது. சேமிப்பில் இழப்பு மேலும் தொடர்கிறது. எனவே உலர்புல்லையும் தானியத்தையும் மட்டுமே உண்ணும் குதிரை, வயிறு நிறைந்தும் உடல் கொழுத்தும் இருக்கும்போதே இந்தச் சத்தில் வறண்டு போகலாம்.

இழப்பின் விளைவு மெல்லத் தெரியும். செல் சவ்வுகளிலுள்ள கொழுப்பு அமிலங்களை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காப்பது வைட்டமின் ஈயின் முதன்மை வடிவமான ஆல்ஃபா-டோகோஃபெரால். அது குறையும்போது நரம்பும் தசையும் முதலில் அடிபடுகின்றன. 1990இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதன்முதலாக விவரித்த குதிரை இயக்க நரம்பணு நோய் இதற்குத் தெளிவான சான்று. நோயுற்றவை பெரும்பாலும் ஓராண்டுக்கும் மேலாக மேய்ச்சல் இல்லாதிருந்த, வளர்ந்த குதிரைகள். அவை நன்றாகத் தின்றும் இளைத்தன, தசை நடுங்கியது, நான்கு கால்களையும் வயிற்றடியில் ஒடுக்கி நின்றன, அடிக்கடி படுத்தன. நிற்பதைவிட நடப்பது அவற்றுக்கு எளிதாக இருந்தது. உடலை நிறுத்திவைக்கும் தசை இழைகள் ஓயாமல் ஆக்சிஜனைப் பயன்படுத்துபவை. அவற்றை இயக்கும் நரம்பணுக்களே முதலில் மடிந்தன. சுமார் 30 விழுக்காடு நரம்பணுக்கள் அழிந்த பின்பே நோய்க்குறி வெளியில் தெரியும் என்று மதிப்பிடப்படுகிறது. கண்ணெதிரே நோய் தெரியும்வரை காத்திருப்பது ஏன் தவறு என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, இளங்குதிரைகளைத் தாக்கும் தண்டுவடச் சிதைவு நோய். நியூயார்க்கின் பிராங்ஸ் உயிரியல் பூங்காவின் ஆறு மங்கோலியக் காட்டுக் குதிரைகளில் தண்டுவட நோயும் வைட்டமின் ஈ குறைபாடும் சேர்ந்திருந்தது 1983இல் பதிவானது. இந்நோயில் மரபுவழிச் சார்பும், வாழ்வின் முதலாண்டில் நேரும் குறைபாடும் கைகோக்கின்றன. கால் தடுமாற்றம் தோன்றிவிட்டால் அது மீளாது. ஆனால் சார்புள்ள குடும்பங்களில் சினையுற்ற பெட்டைக்கும் பிறந்த குட்டிக்கும் முன்கூட்டியே ஈடுசெய்தால் நோயின் எண்ணிக்கையும் கடுமையும் குறைகின்றன. மூன்றாவது, நரம்பு கெடாமல் தசை மட்டும் தளரும் நிலை. உரிய சிகிச்சையில் இது பெரும்பாலும் முற்றிலும் குணமாகும். இயக்க நரம்பணு நோயிலோ, சிகிச்சை பெற்றவற்றில் ஏறத்தாழ 40 விழுக்காடு தேறுகின்றன, 40 விழுக்காடு இருந்த நிலையிலேயே நிற்கின்றன, எஞ்சியவை சரிகின்றன. ஒரே குறைபாட்டுக்கு மூன்று முடிவுகள். அவற்றில் எது வாய்க்கும் என்பதில் காலத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அலகின் வரலாறு

1922இல் கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் எவான்ஸும் கேத்தரின் பிஷப்பும், குறிப்பிட்ட தீவனம் உண்ட எலிகள் கருவைத் தாங்க முடியாமல் போவதைக் கண்டு இந்தச் சத்தை அடையாளம் கண்டனர். அதன் வீரியத்தை அளக்கும் முறையும் அங்கிருந்தே பிறந்தது: குறைபாடுள்ள பெண் எலியின் கரு அழியாமல் காக்க ஒரு வடிவம் எவ்வளவு வேண்டும் என்பதே சோதனை. செயற்கை அசிடேட் 1 மில்லிகிராம் ஓர் அலகு என்றும், இயற்கை அசிடேட் 1.36 அலகு என்றும், இயற்கை ஆல்கஹால் வடிவம் 1.49 அலகு என்றும் வந்த விகிதங்கள் இந்த எலிச் சோதனையின் வழி வந்தவை.

எலியின் கருப்பைக்கு அது நேர்மையான அளவு. ஆனால் குதிரையின் மூளைத் தண்டுவட நீரில் எவ்வளவு ஏறும் என்று அது சொல்வதில்லை. செயற்கை வடிவம் எட்டு மாற்றியங்களின் சமக் கலவை. அவற்றில் ஒன்றே இயற்கை மூலக்கூறு. கல்லீரலிலுள்ள கடத்துப் புரதம் எட்டில் நான்கையே விரும்பி ஏற்றுக் குருதிக்கு அனுப்புகிறது. மற்றவை விரைவில் வெளியேறுகின்றன. இயற்கை வடிவம் குதிரையின் குருதியில் செயற்கையைவிட நன்றாக ஏறுவதை ஒப்பாய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே ஒரே எண் அச்சிட்ட இரண்டு புட்டிகள் ஒரே குதிரையிடம் ஒரே பயனைத் தரும் என்று கொள்ள முடியாது.

வடிவமும் வேகமும்

இயற்கை வடிவத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. அசிடேட், கெடாமல் நெடுநாள் இருப்பதற்காகச் செய்த சேர்மம். குடலில் நொதிகள் அசிடேட் பகுதியை வெட்டிய பிறகு, பித்த உப்புகளின் துணையோடுதான் அது உறிஞ்சப்பட வேண்டும். நீரில் கலையும் தயாரிப்பில் இந்த முதற்படி தேவையில்லை. துளிகளும் ஏற்கெனவே மிக நுண்ணியவை. நோய்க்குறி காட்டாத, ஆனால் குறைபாடுள்ள குதிரைகளில் இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வில், நீர்ம வடிவம் சீர மதிப்பை விரைந்து உயர்த்தியது; அசிடேட்டால் அந்த வேகத்தை எட்ட முடியவில்லை.

இதிலிருந்து நடைமுறை தெளிவாகிறது. நலமான குதிரைக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 அலகு போதும். அதற்கு அசிடேட் தூளே பொருந்தும். நரம்புக் குறி காட்டும் குதிரைக்குக் கிலோவுக்குச் சுமார் 10 அலகு, அதாவது 500 கிலோ குதிரைக்கு 5,000 அலகு, நீரில் கலையும் இயற்கை வடிவில் வேண்டும். சீரத்தில் மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் போதுமானது, 1.5க்குக் கீழ் குறைபாடு, இடைப்பட்டது எல்லைநிலை. இலக்கை எட்டியதும் நீர்மத்தைத் திடீரென நிறுத்தினால் மதிப்பு மீண்டும் சரியக்கூடும். ஆகவே படிப்படியாகக் குறைத்து, வடிவம் மாற்றிய பின்னும் ஒருமுறை அளக்க வேண்டும்.

செலினியம் என்னும் இணைப்பு

வைட்டமின் ஈயும் செலினியமும் உடலில் துணைபோகின்றன. அதனால் சந்தையில் ஒரே பொருளாகச் சேர்ந்தே வருகின்றன. குறைபாட்டுச் சிகிச்சையில் இந்தச் சேர்க்கை இடையூறு. 1,000 அலகுக்கு 1 மில்லிகிராம் செலினியம் கலந்த ஒரு தூள் என்று வைத்துக்கொள்வோம். 5,000 அலகு கொடுக்க முனைந்தால் 5 மில்லிகிராம் செலினியமும் உடன் போகும். 500 கிலோ குதிரையின் நாள் தேவையோ சுமார் 1 மில்லிகிராம். தீவனத்திலிருந்து வருவது வேறு. செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகியது. 2009 ஏப்ரலில் புளோரிடாவில் போலோ போட்டிக்கு வந்த 21 குதிரைகள் இறந்தன. தவறான அளவில் செலினியம் கலந்த ஊசி மருந்தே காரணமாகக் கண்டறியப்பட்டது. உயர் அளவு வைட்டமின் ஈ தனியாகவே தரப்பட வேண்டும். செலினியத்தைத் தனியாக அளந்து, குறைந்திருந்தால் மட்டுமே சேர்க்க வேண்டும்.

மறுப்புகள்

வைட்டமின் ஈ பாதுகாப்பானது; அளக்கும் செலவுக்கு அதையே தாராளமாகக் கொடுத்துவிடலாமே என்பது முதல் மறுப்பு. மற்ற கொழுப்பில் கரையும் வைட்டமின்களோடு ஒப்பிட்டால் இது பாதுகாப்பானதுதான். ஆயினும் கிலோவுக்கு 20 அலகு என்ற மேல்வரம்பு உண்டு. கடும் பயிற்சியிலிருந்த குதிரைகளுக்கு நாளொன்றுக்கு 10,000 அலகு கொடுத்த 2006 ஆய்வில் அவற்றின் பீட்டா-கரோட்டின் குறைந்து காணப்பட்டது. அதைவிடப் பெரிய கேடு பொய்யான நிறைவு. சேராத வடிவத்தை மாதக்கணக்கில் கொடுத்துவிட்டு, குறைபாடு தீர்ந்ததாக நம்பி இருக்கும் நாட்களில் நரம்பணுக்கள் மடிகின்றன.

மேய்ச்சல் உள்ள குதிரையை ஏன் அளக்க வேண்டும் என்பது இரண்டாவது. பிரிட்டனில் மேய்ச்சல் நிலத்தில் இருந்த குதிரைகளிடமும் இயக்க நரம்பணு நோய் கண்டறியப்பட்டு 2006இல் பதிவாகியுள்ளது. புல் கிடைப்பதும் அதன் சத்து குடலில் உறிஞ்சப்படுவதும் ஒன்றல்ல.

மூன்றாவது மறுப்பே வலுவானது: சீர மதிப்பும் முழு உண்மை அல்ல. தசை தளர்ந்த சில குதிரைகளில் சீரம் இயல்பாக இருக்க, தசையில் மட்டும் குறைந்திருந்ததுண்டு. ஒரே குதிரையின் மதிப்பு ஒரே நாளில் ஏறி இறங்கும்; ஒளி படுவதும் குருதிச் செல்கள் உடைவதும் முடிவைக் கெடுக்கும். ஆனால் இவை அளவைக் கைவிடச் சொல்லும் காரணங்கள் அல்ல. மாதிரியை ஒளி புகாமல் குளிரில் வைக்கவும், ஈடுசெய்யத் தொடங்குமுன்பே எடுக்கவும், ஐயம் எஞ்சினால் வால்தலைத் தசையின் திசுவைச் சோதிக்கவும் சொல்லும் காரணங்கள். குறைபாடுள்ள பல குதிரைகள் நோயின்றி வாழ்வது உண்மையே. எது நோயுறும் என்று முன்னறிய வழியில்லாத நிலையில் அந்த உண்மையும் அளப்பதையே வலியுறுத்துகிறது.

முடிவுரை

எலியிடம் பிறந்த அலகைக் குதிரையின் தீவனத்திலிருந்து அகற்ற வேண்டியதில்லை. அதற்குரிய இடத்தில் வைத்தால் போதும். அது வாங்குவதற்கான குறிப்பு. சிகிச்சைக்குரிய தகவல் நான்கு: மூலக்கூறு இயற்கையா செயற்கையா, அசிடேட்டா நீரில் கலைவதா, கொடுத்தது எத்தனை மில்லிகிராம், சீரம் முன்னும் பின்னும் எவ்வளவு. தயாரிப்பாளர் முதல் மூன்றையும் புட்டியில் அச்சிட வேண்டும். மருத்துவர் நான்கையும் நோயேட்டில் எழுத வேண்டும். ஆய்விதழ்கள் இந்நான்கும் இல்லாத சிகிச்சை அறிக்கைகளை ஏற்கலாகாது. இவ்வளவும் செய்ய வேண்டியிருப்பது, தன் நரம்பு தேய்வதை வாய்விட்டுச் சொல்ல இயலாத ஓர் உயிருக்காக. அது நடுங்கத் தொடங்கும் முன்பே நமக்குச் செய்தி தரக்கூடியது அதன் குருதி ஒன்றே.