திசையொவ்வாப் பேரண்டத்தில் ஈர்ப்பலைகள்: ஒரு கருத்தின் வரலாறு (1921–2016)

1916ஆம் ஆண்டு ஈர்ப்பலைகளை முன்மொழிந்த ஐன்ஸ்டைன், அவை பரவும் வெளியைத் தட்டையானதாகக் கொண்டார். பின்வந்தோர் அதனை விரியும் பேரண்டமாக மாற்றினர். ஆயினும் அப்பேரண்டம் எல்லாத் திசைகளிலும் ஒரே வீதத்தில் விரிவதாகவே கருதப்பட்டது. திசைக்குத் திசை விரிவு வேறுபடும் பேரண்டத்தில் ஈர்ப்பலை எவ்வாறு செல்லும் என்னும் வினா அரை நூற்றாண்டுக்குப் பின்னரே வலுப்பெற்றது. அது வலுப்பெற்றபோது ‘அலை’, ‘பின்னணி’ என்னும் பகுப்பே ஐயத்துக்குள்ளாயிற்று என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இதற்குரிய கணிதம் முன்னரே இருந்தது. ஒருபடித்தான முப்பரிமாண வெளிகளை லூயிஜி பியாங்கி 1898இல் ஒன்பது வகைகளாகப் பகுத்தார். அப்போது சார்பியலே பிறக்கவில்லை. 1921இல் எட்வர்டு காஸ்னர், பருப்பொருளற்ற வெளிக்கு ஒரு தீர்வு கண்டார். அதில் மூன்று அச்சுகளின் நீளங்களும் காலத்தின் வெவ்வேறு அடுக்குகளாக மாறுகின்றன. அடுக்கெண்களின் கூடுதல் 1. அவற்றின் வர்க்கங்களின் கூடுதலும் 1. சான்றாக, 2/3, 2/3, –1/3 என்பன இந்நிபந்தனைகளை நிறைவு செய்யும். அப்போது இரு திசைகள் விரிய, மூன்றாவது சுருங்கும். விரியும் அச்சின் வழியே செல்லும் அலையின் நீளம் பெருகும். சுருங்கும் அச்சின் வழியே செல்வதன் நீளம் குறுகும். முன்னது செம்பெயர்ச்சி, பின்னது நீலப்பெயர்ச்சி. காஸ்னர் இவ்வாறு நோக்கவில்லை. விரியும் பேரண்டம் என்னும் கருத்து அன்று நிலைபெற்றிருக்கவுமில்லை. பியாங்கியின் வகைகளை ஐன்ஸ்டைன் சமன்பாடுகளோடு முறையாக இணைத்தவர் டாப் (1951).

இடையில் 1946இல் லிஃப்ஷிட்ஸ் வெளியிட்ட ஆய்வு துறையின் போக்கையே வரையறுத்தது. திசையொப்புப் பேரண்டத்தில் எழும் சிறு உலைவுகள் அடர்த்தி, சுழற்சி, ஈர்ப்பலை என மூவகைப்படும். முதல் வரிசைக் கணக்கீட்டில் ஒவ்வொன்றும் மற்றவற்றைச் சாராது வளரும் என அவர் காட்டினார். இந்த எளிமையே திசையொவ்வாமையைப் பலகாலம் ஓரத்தில் நிறுத்தியது எனலாம்.

1965இல் பென்சியாஸும் வில்சனும் கண்டறிந்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு வான் முழுதும் ஏறத்தாழ ஒரே சீராக இருந்தது. இச்சீர்மை தொடக்கத்திலேயே இருந்ததா, பின்னர் விளைந்ததா? பேரண்டம் ஒழுங்கற்றுத் தொடங்கியிருக்கலாம் என்றும், நியூட்ரினோக்களின் பாகுநிலை அதனைச் சமன் செய்திருக்கலாம் என்றும் 1968இல் சார்லஸ் மிஸ்னர் வாதிட்டார். மறு ஆண்டு அவர் அமைத்த பியாங்கி ஒன்பதாம் வகை மாதிரிக்கு ‘மிக்ஸ்மாஸ்டர்’ எனப் பெயரிட்டார். அது சமையலறையில் மாவு கலக்கும் கருவி ஒன்றின் பெயர். அவருடைய விளக்கம் நிலைக்கவில்லை, வினா நிலைத்தது. அவருடைய மாணவர் ஐசக்ஸன் 1968இல், அலையின் நீளம் பின்னணியின் வளைவு ஆரத்தைவிட மிகச் சிறிதாயின், ஈர்ப்பலை ஒளிக்கதிர் போலவே செல்லும் என நிறுவினார். அலையையும் பின்னணியையும் பிரித்தறிய உதவுவதும் இந்நிபந்தனையே.

அலை மிக நீண்டதாயின்? 1975இல் கிரிஷ்சுக், டோரோஷ்கேவிச், யூடின் ஆகிய சோவியத் ஆய்வாளர்கள் மூடிய பேரண்டத்தை எடுத்துக்கொண்டு இதற்கு விடை கண்டனர். பியாங்கி ஒன்பதாம் வகைப் பேரண்டத்தின் திசையொவ்வாமை சிறிதாக இருக்கும்போது, அது திசையொப்புப் பேரண்டமும் அதில் பொருந்தக்கூடிய மிக நீண்ட ஈர்ப்பலையும் சேர்ந்ததாகவே அமைகிறது. அலை செல்லும் களம் என எண்ணப்பட்டதே ஓர் அலை. மிஸ்னரின் மாதிரியை ஒரு கணிதப் புதுமையாக மட்டும் குறிப்பிடும் வரலாறுகள் இத்தொடர்பைத் தவறவிடுகின்றன என்பது என் கருத்து.

2007இல் பெரேரா, பித்ரூ, உசான் ஆகியோர் பியாங்கி முதல்வகைப் பேரண்டத்துக்கு லிஃப்ஷிட்ஸின் வினாவை மீண்டும் எழுப்பினர். அங்கே அவர் கண்ட தனித்தன்மை குலைகிறது: அடர்த்தி உலைவும் ஈர்ப்பலையும் ஒன்றையொன்று பாதிக்கின்றன, அலையின் இருவகைத் தளவிளைவுகளும் ஒன்றுபோல் வளர்வதில்லை.

பிளாங்க் செயற்கைக்கோளின் தரவுகளைக் கொண்டு 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, திசையொவ்வா விரிவுக்கு எதிரான சாத்திய விகிதத்தை 1,21,000:1 என மதிப்பிட்டது. இவ்வெண் பெரும்பாலும் பேரண்டத்தின் வடிவம் பற்றியதாகவே வாசிக்கப்படுகிறது. 1975ஆம் ஆண்டின் முடிவோடு சேர்த்து வாசித்தால், எந்தக் கருவியின் நீளத்துக்கும் அடங்காத மிக நீண்ட ஈர்ப்பலைகளின் வீச்சுக்கு இடப்பட்ட வரம்பாகவும் அது அமையும்.