அம்மைப்பால் முதல் முகக்கவசம் வரை

சிலப்பதிகாரத்தைக் கையில் எடுப்போரில் பெரும்பாலோர் மங்கல வாழ்த்துப் பாடலிலிருந்தே தொடங்குவர். அதற்கு முன்னால் உரைபெறு கட்டுரை என்றொரு சிறு பகுதி உண்டு. மதுரை எரிந்தபின் பாண்டி நாட்டில் மழை பொய்த்தது, வெப்புநோயும் கொப்புளமும் பரவின, கண்ணகியைச் சாந்தி செய்த பின்பே நாடு தேறியது என்று அது கூறும். இலங்கை வேந்தன் கயவாகுவின் பெயரும் அங்கே வருகிறது. விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு முதலாக, எங்கள் கரையோரத்துக் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசியில் நடைபெறும் குளிர்த்திச் சடங்கை இந்தச் சில வரிகளோடு சேர்த்தே நோக்க வேண்டும். அம்மாள் நோய் கண்ட பிள்ளையை வீட்டோடு வைத்து, வாசலில் வேப்பிலை செருகி, அயலார் வராது தடுத்தனர் நம் முன்னோர். பக்தியின் பெயரால் நடந்ததாயினும் அது தனிமைப்படுத்தல்தான்.

தடுப்பு மருந்து 1802இல் இலங்கைக்கு வந்தது. வந்த விதம்தான் நம் மனத்தைத் தொடுவது. குளிரூட்டி இல்லாத காலம். அம்மைப்பால் கெடாதிருக்க ஒரே வழி, ஊசி குத்திய ஒரு பிள்ளையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் குத்துவது. அதே 1802 ஜூனில் பம்பாயில் முதலில் குத்தப்பட்டவள் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமி. அவள் கையிலிருந்துதான் அது இந்திய நகரங்களுக்குப் பரவியது. அரசர் பெயர்களை மனப்பாடம் செய்விக்கும் நம் வரலாற்றுப் பாடத்தில் இச்சிறுமிக்கு இடமில்லை என்பது என் மனக்குறை.

1918இல் வந்த இன்புளுவென்சாக் கொள்ளைநோய் இலங்கையில் மூன்று இலட்சம் பேருக்கு மேல் பலிகொண்டது எனப் பிற்கால ஆய்வொன்று கணக்கிடுகிறது. அதே ஆண்டில்தான் பாடசாலை மருத்துவச் சேவையும் இந்நாட்டில் தொடங்கிற்று. ஒன்றால் மற்றது விளைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் பிள்ளையின் பல்லையும் கண்ணையும் பார்ப்பதும் பாடசாலையின் வேலையே என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தபின் அது கிராமங்களை நோக்கி நகர்ந்தது. எங்கள் தலைமுறையில் ஊசி வாகனம் வந்ததும் மதில் ஏறிப் பாய்ந்தவர் பலர். அவர்களிற் சிலர் இன்று அதிபர்கள்!

போரின் நடுவிலும் இச்சங்கிலி முற்றாக அறவில்லை. 1995 முதல் போலியோச் சொட்டு மருந்து நாட்களில் வடகிழக்கில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல்.

கொவிட் இதையெல்லாம் சோதித்துப் பார்த்தது. 2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. நடுவில் திறந்தன, மீண்டும் மூடின. அவ்வாண்டு நவம்பரில் அக்கரைப்பற்றுச் சந்தையில் தொற்று வெடித்தபோது எங்கள் கரையோரம் முழுவதும் அஞ்சி ஒடுங்கியது. டிசெம்பரில் நடக்கவேண்டிய சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சுக்குப் போயிற்று. பாடங்கள் வட்ஸ்அப்பில் சென்றன. மருதமுனை நெசவாளி வீட்டிலும் கல்முனைக்குடி மீனவர் வீட்டிலும் ஒரு தொலைபேசிக்கு மூன்று பிள்ளைகள் என்றால் பாடம் யாருக்கு? தகப்பன் தொலைபேசியோடு கடலுக்குப் போய்விட்டால் அன்றைக்கு ஒருவருக்குமில்லை. பாடசாலை மூடியதும் மதிய உணவும் நின்றது. நோயிலிருந்து காப்பதற்காக மூடிய கதவு, பசியிலிருந்து காத்த கதவும்கூட. இந்தக் கணக்கை அன்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்?

2021 ஒக்டோபரில் ஆரம்பப் பிரிவு திறந்தது. 6 முதல் 9 வரையான வகுப்புகளுக்கு நவம்பர் 22. வாசலில் கைகழுவக் குழாய், உள்ளே இடைவெளி விட்ட வாங்குகள், எல்லார் முகத்திலும் கவசம். தமிழாசிரியனுக்கு அதிலொரு தனிச் சங்கடம். லகர, ளகர, ழகர வேறுபாட்டை வாயைக் காட்டித்தான் கற்பிப்போம். நா எங்கே வளைகிறது, எங்கே வருடுகிறது என்று பிள்ளை பார்க்க வேண்டும். கவசத்தின் பின்னாலிருந்து நான் 'பழம்' என்றேன். பின்வரிசை 'பளம்' என்று எழுதியது. கரும்பலகையில் ஒரு பெரிய வாயையும் நாவையும் வரைந்து, அம்புக்குறி இட்டு, மீண்டும் தொடங்கினேன்.