ஆங்கிலம் பேசத் தயங்கும் நம் பிள்ளைகள்: வீட்டிலேயே ஒரு பயிற்சி

வானூர் வட்டாரத்தில் ஆங்கிலம் பேச வாய்ப்பில்லை என்று சொல்ல முடியாது. 1968-ல் தொடங்கப்பட்ட ஆரோவில் இங்கேதான் இருக்கிறது. கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கோட்டக்குப்பத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களும் பலர். இருந்தும் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய நம் பிள்ளை, இன்டர்வியூவில் உட்கார்ந்ததும் வாய் திறப்பதில்லை. வார்த்தை தெரியாமல் இல்லை. தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற வெட்கம்தான்.

இந்த வெட்கத்தைப் போக்க ஆசிரியர்கள் கையாளும் முறை, பாத்திரமேற்று நடித்தல். ஒரு பிள்ளை டாக்டர், இன்னொரு பிள்ளை நோயாளி. மனப்பாட வசனம் கிடையாது. சூழ்நிலையை மட்டும் சொல்லிவிட்டுப் பேச விட வேண்டும். தப்பு வந்தாலும் அது "டாக்டர்" செய்த தப்பு என்பதால் பிள்ளைக்குக் கூச்சம் குறைகிறது. பயமும் பதற்றமும் இருக்கும் மனதில் மொழி எளிதில் இறங்காது என்பதை மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980-களிலேயே விளக்கியிருக்கிறார்.

"நடிப்பெல்லாம் நமக்கு எதற்கு?" என்று சில பெரியவர்கள் கேட்கலாம். இது மேடை நாடகம் அல்ல, கேள்வி பதில் பயிற்சி. ஜிப்ரீல் (அலை) அவர்கள் முன்பின் அறியாத மனிதரின் தோற்றத்தில் வந்து இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்க, சுற்றியிருந்த ஸஹாபாக்கள் அதைக் கேட்டு மார்க்கத்தைக் கற்றுக்கொண்ட ஹதீஸ் நாம் அறிந்ததே. யூதர்களுடனான கடிதப் போக்குவரத்துக்காக அவர்களுடைய மொழியைக் கற்கும்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கட்டளையிட்டார்கள். அரை மாதத்துக்குள் அவர் கற்றுக்கொண்டதாகத் திர்மிதியில் வருகிறது. அவர் முன்னே ஒரு வேலை இருந்தது. நம் பிள்ளைகளுக்கும் பேசுவதற்கு ஒரு வேலை வேண்டும்.

அந்த வேலையை நம் ஊரிலிருந்தே எடுக்கலாம். மரக்காணம் உப்பளத்தின் ஓரம் ஒரு வெளிநாட்டுப் பயணி காரை நிறுத்தி, "வாட் இஸ் திஸ்?" என்று கேட்கிறார். உப்புநீரைப் பாத்தியில் விடுவது, வெயிலில் நீர் வற்றி உப்பு விளைவது, அதை வாரிக் குவிப்பது, மழைக்காலத்தில் ஏன் வேலை நின்றுபோகிறது என்பதையெல்லாம் பிள்ளை சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் வரும் லண்டன் ரயில் நிலையத்தைவிட இது எவ்வளவோ மேல். கண்ணால் பார்த்த விஷயம் என்பதால் சொல்ல விஷயம் இருக்கும். ஆங்கில வார்த்தையை மட்டும் தேடினால் போதும்.

உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாதே என்ற கவலை வேண்டாம். உம்மா நோயாளியாக இருந்து தமிழிலேயே பேசட்டும். அண்ணன் தமிழ் தெரியாத டாக்டர். தங்கை இருவருக்கும் நடுவில் மொழிபெயர்க்கட்டும். வெளியில் பேசத் தயங்கும் பெண்பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் பத்து நிமிடம் நடக்கும் இந்தப் பயிற்சி பெரிய உதவி.

பேசும்போது குறுக்கிட்டுத் திருத்தக் கூடாது. திருத்தினால் அந்த நிமிடமே வாய் மூடிக்கொள்ளும். முடிந்த பிறகு இரண்டு மூன்று தப்புகளை மட்டும் சொல்லி, அதே காட்சியை மறுபடி பேச வைக்க வேண்டும்.

மறுநாள் பாத்திரங்களை மாற்றிவிடுங்கள். நேற்று பதில் சொன்ன பிள்ளை இன்று கேள்வி கேட்கட்டும். பதில் சொல்லியே பழகிய நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கேள்வி கேட்பதுதான் அதிகம் தடுமாறும்.