தாழிக்குள் உறங்குவோர்

சீன தேசத்திலே 1974ஆம் ஆண்டு கிணறு தோண்டிய குடியானவர், களிமண்ணாற் செய்த போர்வீரர் சிலைகளைக் கண்டனர். முதற் பேரரசனின் சமாதிக்குக் காவலாக ஆயிரக்கணக்கில் நிறுத்தப்பட்டவை அவை. உலகமே வியந்தது. ஆனால் நம் இலங்கைத் தீவிலும் பழைய புதைகுழிகள் உண்டென்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டோரத்தில் பொம்பரிப்பு என்றோர் இடம் இருக்கிறது. அங்கே 1920களில் ஹோகார்ட் என்பவரும், 1970இல் விமலா பெக்லி அம்மையாரும் அகழ்ந்து பார்த்தனர். அரசனும் இல்லை, காவற்படையும் இல்லை. பெரிய மண் தாழிகள், அவற்றுள் எலும்புகள், பக்கத்தில் கருப்புச் சிவப்புக் கலயங்கள். இறந்தவரின் எலும்புகளைப் பின்னர் பொறுக்கியெடுத்துத் தாழியில் இட்டிருக்கிறார்கள். சில தாழிகளில் ஒருவருக்கு மேற்பட்டோர் எலும்புகள்! கணவனை இழந்தவள், தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையக் குயவனை வேண்டும் புறநானூற்றுப் பாட்டு நினைவுக்கு வருகிறதல்லவா?

கடலுக்கு அப்பால், பாண்டி நாட்டிலே தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் உளது. 1876இல் ஜெர்மானியர் யாகோர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள், கலயத்துக்குள் நெல் உமிகூடக் கிடைத்தன. பொம்பரிப்பில் அத்தனை செல்வமில்லை. ஆயினும் தாழியும் அடக்கம் செய்த முறையும் ஒன்றையொன்று ஒத்தவை. அசோகன் சாசனம் நம் தீவைத் தம்பபண்ணி என்கிறது. அந்த நதியின் பெயரும் அதுவே!

"இதோ நம்மவர்!" என்று கூவ எனக்கும் ஆசைதான். எங்கள் பள்ளிச் சரித்திரப் புத்தகம் விசயன் வந்திறங்கியதிலிருந்தன்றோ தொடங்கியது! ஆனால் பானை பாஷை பேசாது. அந்தத் தாழிகளில் உறங்குவோர் என்ன மொழி பேசினர் என்று எலும்பு சொல்லாது. இரு கரையாரும் சாவை ஒரே விதமாகப் போற்றினர், அவ்வளவே உறுதி. தமிழர், சிங்களவர் என்று இன்று நாம் இடும் பெயரை அவர்மேல் ஒட்டுவது நியாயமன்று.

இன்னொன்றும் நெஞ்சை உறுத்துகிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் அதே மன்னார்க் கடலைத் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்தனர். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மடிந்தவர் அநேகர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எலும்பைப் பொறுக்கித் தாழியிலிட ஒரு மகனோ மகளோ இருந்தார்கள். இவர்கள் கிடந்த இடத்தில் ஒரு கலயமும் இல்லை; கூட வந்தவர்கள் அன்றே நடந்தாக வேண்டியிருந்தது.