மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகளின் வெளிறல்

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றி வளர்ந்தவை மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகள். 117 பவள இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. கடல் சூடேறி இவை நிறமிழப்பதே வெளிறல்.

பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசிதான் அதற்கு உணவும் நிறமும் தருகிறது. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைத் தாண்டி ஒரு டிகிரி ஏறி, சில வாரங்கள் இறங்காமல் நின்றால், பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. மிஞ்சுவது நிறமற்ற மெல்லிய சதையும் அதனூடே தெரியும் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடும். பலர் இதையே சாவு என்று எண்ணிவிடுகிறார்கள். வெளிறிய பவளத்துக்கு உயிர் இருக்கிறது; உணர்கொம்புகளை நீட்டி இரை பிடிக்கவும் செய்யும். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும். வெள்ளைக் கிளைமேல் இழைப்பாசி படர்ந்துவிட்டால் பிறகு மீட்சி இல்லை. மன்னாரில் இந்தக் கண்டம் சித்திரை, வைகாசியில் வருகிறது. தென்மேற்குக் காற்று வலுத்தால்தான் தணிகிறது.

வெப்பம் வருமுன்பே இத்திட்டுகள் நொறுங்கத் தொடங்கியிருந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளக்கல் வெட்டப்பட்டது. அந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் கடலுக்குள் போயின. 1986இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தும் வெட்டு நிற்கவில்லை. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. 2004 சுனாமிக்குப் பின், திட்டுகள் அலையைத் தடுக்கும் என்ற எண்ணம் கரையோர மக்களிடம் வலுப்பட்டது. 2005 வாக்கில் வெட்டு ஓய்ந்தது.

1998 எல் நினோவின்போது ரோகன் ஆர்தர் செய்த ஆய்வு, பெங்களூரிலிருந்து வரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் 2000இல் வெளியானது. மன்னாரில் 89 விழுக்காடு பவளம் வெளிறியிருந்தது. கட்ச் வளைகுடாவில் 11 மட்டுமே. அதற்குப் பிந்தைய கணக்கைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் தொடர்ந்து எடுத்துவருகிறது. உயிருள்ள பவளப் பரப்பு 2005இல் சுமார் 37 விழுக்காடு. பவளக்கல் வெட்டுவது நின்ற நான்கே ஆண்டில், 2009இல், அது 43 ஆனது. தொந்தரவு செய்யாமல் விட்டால் பவளம் தேறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 2010 வெளிறலில் 33க்கு இறங்கி, மறுபடி 39 வரை ஏறி, 2016இல் 23க்குச் சரிந்தது.

எல்லாப் பவளமும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. கிளைவிட்டு வேகமாக வளரும் அக்ரோபோரா முதலில் வெளிறுகிறது. மெதுவாக வளரும் உருண்டைப் போரைட்டஸ் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. 2002 முதல் அந்த நிறுவனம் பவளத் துண்டுகளைக் கடலடியில் பொருத்தி வளர்த்துவருகிறது. இப்படி நட்டு வளர்க்க வாகானவை கிளை இனங்கள்; அடுத்த வெயிலில் முதலில் விழுபவையும் அவையே. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காம் வெளிறல் அறிவிக்கப்பட்டது. அந்தக் கோடையில் மன்னார்த் திட்டுகளும் வெளிறின.