போட்டிக் கிளைடர் விளையாட்டில் உரிமமும் சந்தாவும்

போட்டியில் இறங்கும் கிளைடர் விமானி இரண்டு ஆவணங்களுக்குக் கட்டுப்பட்டவர். ஒன்று, விமானம் ஓட்டத் தகுதி உண்டு என அரசின் வான்போக்குவரத்துத் துறையோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தரும் விமானி உரிமம். மற்றொன்று விளையாட்டு உரிமம். இது திறமைக்குச் சான்றன்று. இதை வைத்திருப்பவர் எஃப்.ஏ.ஐ. எனப்படும் பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பின் விளையாட்டு விதித்தொகுப்பை அறிந்து ஏற்றவர், இன்ன நாட்டின் பெயரில் போட்டியிடுபவர் என்பதையே இது சொல்கிறது. உலகப் போட்டிகளிலும் உலகச் சாதனை முயற்சிகளிலும் இது கட்டாயம்.

எஃப்.ஏ.ஐ. 1905 அக்டோபரில் பாரிஸில் உருவானது. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், பெல்ஜியம், இத்தாலி, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா ஆகிய எட்டு நாடுகளின் கிளப்புகள் அதைத் தொடங்கின. பலூன்களின் காலம் அது. எத்தனை கிலோமீட்டர் பறந்தார், எவ்வளவு உயரம் ஏறினார் என்பதை எல்லா நாடுகளும் ஏற்கும் முறையில் அளந்து பதிவு செய்வதே முதல் நோக்கமாக இருந்தது. ஒரு நாட்டுக்கு ஒரே ஏரோ கிளப்பை மட்டும் அங்கீகரிப்பது என்ற அடிப்படையும் அப்போதே விழுந்தது. உரிமத்தின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தது எனலாம்.

விமானங்கள் வந்தபோது, ஓட்டுநருக்குச் சான்றிதழ் தரும் வேலையையும் இதே கிளப்புகள் எடுத்துக்கொண்டன. பிரெஞ்சு ஏரோ கிளப்பின் முதல் எண் 1909-இல் லூயி பிளெரியோவுக்கும், பிரிட்டனின் ராயல் ஏரோ கிளப்பின் முதல் எண் 1910-இல் மூர்-பிரபசானுக்கும் கிடைத்தன. இந்தியாவில் 1929 பிப்ரவரியில் ஜே.ஆர்.டி. டாட்டா பெற்ற முதலாம் எண் சான்றிதழும் எஃப்.ஏ.ஐ. சார்பில் இந்திய-பர்மிய ஏரோ கிளப் வழங்கியதே. தனியார் சங்கம் ஒன்றின் கையில் இத்தனை அதிகாரம் குவிந்ததன் ஆபத்தும் விரைவிலேயே தெரிந்தது. 1910 ஏப்ரலில் அமெரிக்க ஏரோ கிளப் ரைட் நிறுவனத்தோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அந்நிறுவனத்தின் காப்புரிமைக்குக் கட்டணம் செலுத்தி அனுமதி பெற்ற விழாக்களுக்கு மட்டுமே கிளப்பின் ஒப்புதல் கிடைக்கும் என்பது அதன் சாரம். ஒப்புதல் இல்லாத விழாவில் பறந்தவர் கிளப்பின் தண்டனைக்கு ஆளாக நேர்ந்தது. விளையாட்டை ஒழுங்குபடுத்த வந்த அங்கீகாரம் வணிகத்துக்குக் காவல் நின்றது நியாயமன்று.

1919-இன் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு விமானி உரிமம் படிப்படியாக அரசுகளின் கைக்குப் போயிற்று. போட்டியும் சாதனையும் மட்டும் ஏரோ கிளப்புகளிடம் தங்கின. கிளைடர் விளையாட்டு தழைத்தது இந்த இடைக்காலத்தில்தான். வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியில் எஞ்சின் விமானங்களை முடக்கியதால், ஆஸ்கார் உர்சினுஸ் 1920-இல் ரோன் மலைத்தொடரின் வாஸர்குப்பே உச்சியில் கிளைடர் போட்டியைக் கூட்டினார். அங்கே வளர்ந்த பயிற்சி முறையிலிருந்து ஏ, பி, சி என்ற படிநிலைச் சான்றுகள் வந்தன. 1930-இல் பேராசிரியர் வால்டர் கியோர்கி தலைமையில் இஸ்டுஸ் என்ற பன்னாட்டு ஆய்வு அமைப்பு தோன்றி, வெள்ளிச் சின்னத்தை நிறுவியது. 50 கிலோமீட்டர் தூரம், 1,000 மீட்டர் உயர ஏற்றம், 5 மணி நேரப் பறப்பு ஆகியவை அதற்கு வேண்டும். வோல்ஃப் ஹிர்த், ராபர்ட் குரோன்ஃபெல்ட் இருவரும் 1931-இல் முதலில் அதைப் பெற்றார்கள்.

குரோன்ஃபெல்டின் கதை உறுப்பினர் பதிவின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1933-இல் நாஜி அரசு ஜெர்மனியின் பறப்புச் சங்கங்களைக் கலைத்து ஒரே வான்விளையாட்டுச் சங்கத்துக்குள் அடைத்தது. 1937-இல் அந்தச் சங்கத்தின் இடத்தில் நாஜிக் கட்சியின் பறப்புப் படை வந்தது. உறுப்பினராக இல்லாமல் பறக்க முடியாது. யூதர் உறுப்பினராக முடியாது. உலகின் மிகச் சிறந்த கிளைடர் விமானிகளில் ஒருவரான குரோன்ஃபெல்ட் யூதர் என்பதால் வெளியேறி பிரிட்டனில் குடியேறினார். போருக்குப் பின் நேச நாடுகள் ஜெர்மனியில் கிளைடர் பறப்பைத் தடை செய்தன. 1951-இல்தான் தடை நீங்கியது. 1948-இல் சுவிட்சர்லாந்தின் சமேடனிலும் 1950-இல் ஸ்வீடனின் ஓரெப்ரூவிலும் நடந்த உலகப் போட்டிகளில் ஜெர்மானியர் இல்லை.

போருக்குப் பின் கிளைடர் விளையாட்டின் விதிகள் எஃப்.ஏ.ஐ.யின் கிளைடர் ஆணையத்திடம் வந்து, விதித்தொகுப்பின் மூன்றாம் பிரிவாக அமைந்தன. உரிமத்தை எஃப்.ஏ.ஐ. பொதுவாக நேரடியாக வழங்குவதில்லை. அந்தந்த நாட்டின் ஏரோ கிளப்போ, அது பொறுப்பை ஒப்படைத்த கிளைடர் சங்கமோ வழங்குகிறது. குடியுரிமை அல்லது வசிப்பிடத்தைக் கொண்டு விமானியின் நாடு தீர்மானிக்கப்படும். நாடு மாறுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பெரும் முறைகேட்டில் ஈடுபட்டால் உரிமம் பறிக்கப்படலாம். ஊக்கமருந்துத் தடை விதிகளும் உரிமத்தோடு சேர்ந்தே வருகின்றன.

கட்டணம் இதே ஏணியில் மேலேறுகிறது. விமானி தன் கிளப்புக்குச் சந்தா கட்டுகிறார். கிளப் தேசியச் சங்கத்துக்கு ஒரு பங்கைச் செலுத்துகிறது. நாட்டின் ஏரோ கிளப் எஃப்.ஏ.ஐ.க்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறது. நாடுதோறும் வழி வேறு. 1929-இல் தோன்றிய பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் கிளப்புகளின் உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பத் தலைக்கட்டணம் வாங்குகிறது. அமெரிக்காவில் 1932-இல் தொடங்கிய சோரிங் சொசைட்டியில் விமானி தனிப்பட உறுப்பினராகிறார், எஃப்.ஏ.ஐ.யில் அந்நாட்டின் இடம் வேறோர் அமைப்பான தேசிய வானூர்திச் சங்கத்துடையது. ஜெர்மன் கிளப்புகளில் பணத்தோடு உழைப்பும் சந்தாவாகிறது. உறுப்பினர்கள் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பட்டறையிலும் களத்திலும் வேலை செய்ய வேண்டும். குறையும் மணி நேரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். வசதி குறைந்த மாணவர்களும் பறக்க வழி செய்யும் இந்த ஏற்பாடு மற்ற நாடுகளும் கருதத்தக்கது.

உண்மையில் விளையாட்டு உரிமத்துக்கான தொகை மொத்தச் செலவில் சிறு பகுதிதான். கிளைடரை மேலேற்றும் இழுவிமானத்துக்கோ வின்ச்சுக்கோ ஆகும் கட்டணம், காப்பீடு, போட்டி நுழைவுக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலாக கிளைடரின் விலை ஆகியவையே பெருஞ்சுமை. செலவைக் கட்டுக்குள் வைக்க 1958-இல் போலந்தின் லெஷ்னோவில் 15 மீட்டர் இறக்கை நீளத்துக்கு மேற்படாத ஸ்டாண்டர்ட் வகுப்பு அறிமுகமானது. பின்னர் பி.டபிள்யூ.-5 என்ற மலிவான ஒரே மாதிரி கிளைடருக்கெனத் தனி வகுப்பும் வந்தது. போதிய போட்டியாளர்கள் சேராமல் அது நிலைக்கவில்லை. சந்தாவைக் குறைப்பதால் மட்டும் இவ்விளையாட்டு எளியவர் கைக்கு வந்துவிடாது என்பதற்கு இம்முயற்சிகளே சான்று.

இந்தியாவில் கிளைடர் விமானி உரிமத்தை வழங்குவது வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். புனேயின் ஹடப்சரில் உள்ள கிளைடிங் மையமும் அதனுடையது. எஃப்.ஏ.ஐ.யில் நாட்டின் உறுப்பினராக இருப்பது இந்திய ஏரோ கிளப். ஆகவே பன்னாட்டுப் போட்டிக்குப் புறப்படும் இந்திய விமானிக்கு இயக்குநரகத்திடம் விமானி உரிமமும் ஏரோ கிளப்பின் வழியே விளையாட்டு உரிமமும் தேவை.

முன்பு விளையாட்டு உரிமம் ஓர் அட்டை. அதைப் போட்டிக் களத்தில் காட்ட வேண்டும். இப்போது தேசிய அமைப்புகள் உரிமம் பெற்றோரின் விவரத்தை எஃப்.ஏ.ஐ.யின் இணையத் தரவுத்தளத்தில் ஏற்றுகின்றன. போட்டி நடத்துவோர் அதைப் பார்த்து, உரிமம் காலாவதியாகவில்லை என உறுதி செய்துகொள்கிறார்கள்.